ஆறாத புண்ணும் மாறும் மச்சமும்: சென்னையில் இருப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் பற்றிய முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் தோல் புற்றுநோய் குறைவுதான். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருவதோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. தோலுக்குக் கருமை தரும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆனால் வந்தவர்களுக்கு அது தாமதமாகத்தான் பிடிபடுகிறது. இணையத்தில் நாம் படிக்கிற எச்சரிக்கைகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியவை. முகத்தைப் பார், முதுகைப் பார், சன்ஸ்கிரீன் பூசு என்பார்கள். நம்மவர்களுக்கோ உள்ளங்காலில் வருகிறது, நகத்தின் அடியில் வருகிறது, சின்ன வயதில் பட்ட தீக்காயத் தழும்பில் வருகிறது, பாவாடை நாடா இறுகும் இடுப்பில்கூட வருகிறது. அங்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கால் ஆணி, சுகர் புண், முள் குத்தின காயம் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம்.

அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் ஆகியும் ஒரு புண் ஆறவில்லை என்றால் களிம்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், பயாப்ஸி (துளி சதை எடுத்து லேபில் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கள். நேரமில்லாதவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் போதும். நேரமிருப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

1. மூன்று வகைகளையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

பேசல் செல் கார்சினோமா மெதுவாக வளர்வது. பெரும்பாலும் முகத்தில்தான் வரும்: மூக்கின் ஓரம், கண்ணுக்குக் கீழே, மேலுதடு. நம் தோலில் இது கருப்பாகவே இருப்பதால் மச்சம் என்றே நினைக்கத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஓரம் மட்டும் சற்று மேடாக, பளபளவென்று, சின்னச் சின்ன மணி கோத்ததுபோல் இருக்கும். நடுவில் குழி விழுந்து பொருக்கு தட்டியிருக்கும். முகம் துடைக்கும்போது துண்டில் ரத்தம் படும், பொருக்கு உதிரும், மறுபடி கட்டும். உடம்பின் மற்ற பகுதிகளுக்கு இது பரவுவது மிக அரிது. அதற்காக வருடக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும், இமையும் மூக்கும் போய்விடும்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா சற்று வேகமானது. ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கும் புண்ணாகவோ, காலிஃபிளவர்போல் புடைத்த சதையாகவோ வரும். நாற்றம் வரலாம். கெண்டைக்கால், பழைய தழும்பு, கீழுதடு ஆகியவை இதற்குப் பழக்கமான இடங்கள். இது நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடியது.

மெலனோமா மூன்றிலும் அரிது, மூன்றிலும் ஆபத்தானது. நிறம் தரும் செல்களில் தொடங்குகிறது. நம்மைப்போல் கருத்த தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருவது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான். இந்த இடங்களில் வருவதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ரெக்கே பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதுதான். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துபோனார். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். அதே நினைப்பில்தான் நம் வீடுகளிலும் நாட்கள் போகின்றன.

2. மாதம் ஒருமுறை வீட்டிலேயே பாருங்கள்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் இதற்குத் தோதானது. துணி குறைவாக இருக்கும், அவசரம் இருக்காது, முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட வீட்டில் யாராவது கூட இருப்பார்கள். குளியலறையின் மங்கலான பல்பு போதாது. ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

காலிலிருந்து தொடங்குங்கள். மெட்டியைக் கழற்றுங்கள், நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள். குதிகால், பாதத்தின் பள்ளம், விரல் இடுக்குகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டலாம், அல்லது போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வயதான அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அவர்கள் பாதத்தைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலியும் தெரியாது, பார்வையும் எட்டாது.

உள்ளங்காலில் என்ன தேடுவது? புதிதாக வந்த கருப்பு அல்லது பழுப்புத் திட்டு. அதன் ஓரம் மை கொட்டிப் பரவியதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கும், ஒரே திட்டில் இரண்டு மூன்று நிறம் இருக்கும். பல பேர் இதைக் கால் ஆணி என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுகிறார்கள். மருந்தில் ஊறிய மேல்தோல் உரிந்துவரும்போது கருப்பும் கொஞ்சம் மங்கும். சரியாகிறது என்று நம்பி இன்னொன்று ஒட்டுவார்கள். கால் ஆணி பொதுவாக எலும்பு அழுந்துகிற இடத்தில், மஞ்சளாகக் காய்த்துப்போய், நடுவில் கெட்டியாக இருக்கும். கருப்பு நிறம் தோலுக்குள் படர்ந்திருந்தால் அது கால் ஆணி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சில மெலனோமாவில் கருப்பே இருக்காது. ரோஸ் நிறச் சதை துருத்திக்கொண்டு, தொட்டால் ரத்தம் வரும். சர்க்கரை நோயாளியின் காலில் இப்படி வந்தால் சுகர் புண் என்றே டிரஸ்ஸிங் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது நகம். நம்மில் நிறைய பேருக்கு நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருக்கும். பல விரல்களில், வருடக்கணக்காக, மெல்லியதாக, ஒரே சீராக இருந்தால் அது நம் தோலின் இயல்புதான். ஒரே ஒரு விரலில் புதிதாகக் கோடு வந்திருக்கிறதா? அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ? அகலம் 3 மில்லிமீட்டரைத் தாண்டி விரிந்துகொண்டே போகிறதா? நகத்தின் அடிப்பக்கத்தில் இன்னும் அகலமாக இருக்கிறதா? அப்படியென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கருப்பு நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலிலும் இறங்கியிருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். மருதாணி இட்டிருக்கும்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. மருதாணி அழிந்து, புது நகம் வெளுப்பாக வளர்ந்து வரும் சமயத்தில் பாருங்கள்.

அடிபட்டுக் கட்டிய ரத்தமா, வேறு ஏதாவதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. கருப்பின் விளிம்பு இருக்கும் இடத்தை நகத்தின் மேல் பிளேடால் லேசாகக் கீறியோ, படம் எடுத்தோ குறித்துவையுங்கள். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் முன்னால் நகரும், பின்னால் தெளிந்த நகம் வரும். மூன்று நான்கு வாரத்தில் கைநகத்தில் இது தெரிந்துவிடும். கால் நகம் மெதுவாக வளர்வதால் சற்றுக் கூடுதல் நாள் ஆகும். கருப்பு நகராமல் அடியிலிருந்தே தொடர்ந்து வந்தால் அது ரத்தக்கட்டு இல்லை.

பிறகு மேலே வாருங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு முறை தடவிப் பாருங்கள். 1945இலேயே மும்பையில் கனோல்கர், சூர்யாபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார்கள். பின்னாளில் சேலை கட்டும் பெண்களிடமும் அதேபோலப் பதிவாகியிருக்கிறது. உள்பாவாடை நாடா ஒரே இடத்தில் இருபது முப்பது வருடம் உரசி, வியர்வையில் ஊறி, தோல் கருத்து, தடித்து, செதில் விட்டு, புண்ணாகிறது. எல்லோருக்கும் இது புற்றுநோயாவதில்லை, வெகு சிலருக்கே ஆகும். ஆனால் தடுப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். கயிறுபோன்ற நாடாவை விட்டுவிட்டு அகலப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லலாம், முடிச்சை இறுக்காமல் போடலாம், வீட்டில் இருக்கும்போது நைட்டி போட்டுக்கொள்ளலாம். புண் வந்துவிட்டால் ஆறும்வரை அந்த இடத்தில் நாடாவே படக் கூடாது.

தலை, காதின் பின்பக்கம், கீழுதடு, பிறப்புறுப்பு எதையும் விட வேண்டாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. திருப்பதியிலோ பழனியிலோ மொட்டை போட்டு வந்தவர் தலையை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். முடிக்குள் மறைந்திருப்பது தெரியும் நேரம் அதுதான்.

மச்சங்களைப் பொறுத்தவரை ஐந்து கேள்விகள். ஒரு பாதி மறுபாதிபோல் இருக்கிறதா? ஓரம் ஒழுங்காக இருக்கிறதா? நிறம் ஒன்றுதானா? அகலம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? மாறாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் பெரிய மச்சத்தைவிட, மூன்று மாதத்தில் மாறிய சின்ன மச்சம்தான் கவலைக்குரியது. அதனால் சந்தேகப்படும் எதையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தேதி போனிலேயே பதிவாகிவிடும். டாக்டர் முன்னால் உட்கார்ந்து "முன்னாடி இவ்வளவு பெரிசா இல்லை டாக்டர்" என்று சொல்வதைவிட அந்தப் படம் நூறு மடங்கு உதவும்.

3. பயப்பட வேண்டாதவை

கழுத்தில் தொங்கும் பாலுண்ணி, கன்னத்தில் நாற்பது வயதுக்கு மேல் பொடிப்பொடியாக வரும் கருப்பு மேடுகள், மங்கு, வெண்புள்ளி இவை எதுவும் புற்றுநோய் இல்லை. கழுத்துப் பின்பக்கம் வெல்வெட்போல் கருத்திருந்தால் பெரும்பாலும் உடல் எடையோடும் சர்க்கரையோடும் தொடர்புடையது. அதற்கு ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

4. கூடுதல் கவனம் யாருக்குத் தேவை

பழைய தீக்காயத் தழும்பு உள்ளவர்கள் முதலில் வருகிறார்கள். சின்ன வயதில் ஸ்டவ் வெடித்தோ, கொதிக்கும் சாம்பார் கொட்டியோ பட்ட காயம், வேறு தோல் எடுத்து ஒட்டாமல் தானாக ஆறி, தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். மூட்டு மடங்குமிடத்தில் இருந்தால் அது அடிக்கடி வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். முப்பது வருடம் கழித்துக்கூட அந்த இடத்தில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் வரலாம். நரம்பு சுருட்டிக்கொண்ட காலில் வருடக்கணக்காக ஆறாத புண், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் உள்ள புண், எலும்பிலிருந்து சீழ் வடியும் துளை இவற்றுக்கும் இதே கதைதான். பல வருடமாக இருக்கும் புண்ணில் திடீரென்று சதை வளர்ந்தாலோ, ரத்தமோ நாற்றமோ கூடினாலோ அது புதுச் செய்தி. பழைய புண்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தவர்கள் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். சென்னையில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு நன்றாக வாழ்பவர்கள் ஏராளம். புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. வருடம் ஒருமுறையாவது தோல் டாக்டரிடம் முழு உடம்பையும் காட்டுவது நல்லது. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, குழந்தைகள். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோய் தலைகாட்டுவதுண்டு. இதில் புற ஊதாக் கதிரால் செல்களுக்கு ஏற்படும் சேதத்தை உடலால் சரிசெய்துகொள்ள முடியாது. இரண்டு வயதுக்குள்ளேயே முகத்தில் பொரிப்பொரியாகக் கரும்புள்ளிகள் வரும், வெயிலில் கண் கூசி அழும். பத்து வயதுக்குள் புற்றுநோயே வந்துவிடலாம். இந்தக் குழந்தைகளுக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்ணிறக் குழந்தைகளுக்கும் வெயில் தடுப்பு என்பது அழகு விஷயமே இல்லை, உயிர் விஷயம். பள்ளியில் பேசி ஜன்னல் ஓரம் உட்கார வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் பிரேயருக்கும் பி.டி. வகுப்புக்கும் விலக்குக் கேளுங்கள்.

5. வெயிலிலிருந்து தற்காத்துக்கொள்வது

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும், நிழல் காலடியிலேயே விழும். புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே தற்காப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11ஐத் தாண்டினால் உச்ச ஆபத்து. சென்னைக் கோடையில் நடுப்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். போனில் வானிலை பார்க்கும் இடத்திலேயே இந்த எண் UV Index என்ற பெயரில் இருக்கும். உஷ்ணமும் இதுவும் ஒன்றல்ல. மார்கழியில் காற்று குளுகுளுவென்று இருந்தாலும் நண்பகல் வெயிலில் புற ஊதாக் கதிர் இருக்கத்தான் செய்யும், மேகமூட்டத்தையும் ஓரளவு தாண்டி வரும். மெரினாவில் மணலும் அலை நுரையும் கீழிருந்து பிரதிபலிப்பதால் குடைக்குள் இருந்தாலும் கொஞ்சம் படும்.

செல்போன் இல்லாவிட்டாலும் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. அந்த நேரத்தில் ஒதுங்க முடிந்தவர்கள் ஒதுங்கலாம். ஒதுங்க முடியாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம்: சிக்னலில் நிற்கும் டிராஃபிக் போலீஸ், கான்கிரீட் போடும் கொத்தனாரும் சித்தாளும், டெலிவரி பையோடு பைக்கில் போகும் பையன்கள், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு முழுக்கைச் சட்டை, கழுத்து மறையும் துண்டு, சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி, கூலிங் கிளாஸ் இவைதான் முதல் பாதுகாப்பு. கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது. கடலில் வேலை செய்பவர்கள் கீழுதட்டைக் கவனியுங்கள். எப்போதும் வெடித்து, வெளுத்து, செதிலாக இருந்தால் காட்ட வேண்டும். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டுத் தருவதும், 11 மணிக்குள் திறந்தவெளி வேலையை முடித்துக்கொள்வதும் செய்யக்கூடிய காரியங்கள்தான்.

சன்ஸ்கிரீனைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1990களில் நடந்த ஆய்வில் தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அது வெள்ளைத் தோலில் கிடைத்த முடிவு. உள்ளங்காலில் வரும் மெலனோமாவை எந்த சன்ஸ்கிரீனும் தடுக்கப்போவதில்லை. எனவே மாதச் சம்பளத்தில் நெருக்கடி உள்ளவர்கள் விலை உயர்ந்த ட்யூப் வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், ஒரு நல்ல குடை வாங்குங்கள். நிறமி இல்லாதவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், மங்கு உள்ளவர்கள், நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் கட்டாயம் பூசலாம். எஸ்.பி.எஃப். 30 போதும், அது தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 என்றால் 98தான். கூடவே அட்டையில் பி.ஏ. (புற ஊதா ஏ கதிரை எவ்வளவு தடுக்கும் என்ற குறி) பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி பூசினால்தான் பலன்.

6. இதையெல்லாம் செய்யாதீர்கள்

மச்சத்தின் மேல் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, மருவில் குதிரை முடி கட்டுவது, ஆசிட் தொட்டு வைப்பது. இவற்றில் வெளியே தெரிவது கருகி விழும், உள்ளே இருப்பது வளரும். தழும்புக்கு அடியில் அது வளர்வதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அம்மான் பச்சரிசிப் பால் வைத்தால் மரு உதிரும் என்பார்கள். அதற்கு உறவான இன்னொரு செடியின் பாலிலிருந்து எடுத்த மருந்தை, வெயிலால் வரும் புற்றுநோய்க்கு முந்தைய திட்டுகளுக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பூசிய இடத்தில் தோல் புற்றுநோய் கூடுகிறதோ என்ற கவலையில் 2020இல் ஐரோப்பாவில் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அளவு தெரிந்து, சோதித்து வந்த மருந்துக்கே அந்த நிலை. செடியை ஒடித்து நேரடியாக வைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

பார்லரில் மச்சம் எரிப்பதும் வேண்டாம். லேசரில் எரித்துவிட்டால் பரிசோதிக்க ஒரு துளி சதைகூட மிஞ்சாது. கருப்பான எதையும் எடுப்பதற்குமுன் டாக்டர் டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்திருக்க வேண்டும், எடுத்தது சிறியதோ பெரியதோ லேபுக்குப் போக வேண்டும்.

7. யாரிடம் காட்டுவது

முதலில் தோல் டாக்டர். சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கி, டாக்டர் சாந்தா போன்றவர்களின் உழைப்பில் வளர்ந்தது. இன்றும் வெளியூர்களிலிருந்து நம்பி வருகிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை அருகில்.

ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை மூன்றையும் முதல் நாளே எடுத்துப் போங்கள். அந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் விண்ணப்பிக்கும் வழியை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். எங்கே போவது என்றே புரியாவிட்டால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்குப் போன் செய்யலாம்.

8. பயாப்ஸி

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் இல்லை. பயாப்ஸி செய்வதால் தோல் புற்றுநோய் பரவாது. பயந்து காத்திருக்கும் மாதங்களில்தான் பரவுகிறது. செய்யும் விதமும் எளியதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிய வட்டக் கத்தியால் பருப்பளவு சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மெலனோமா சந்தேகம் இருந்தால், முடிந்த இடத்தில் முழுத் திட்டையும் மெல்லிய ஓரத்தோடு எடுப்பது நல்லது. புண்ணாக இருந்தால் நடுவில் அழுகிய பகுதியை விட்டுவிட்டு ஓரத்தில் எடுக்க வேண்டும். ஆஸ்பிரின்போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி சொல்லப்போவது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ரொம்ப முக்கியம். பல இடங்களில் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு நோயாளியின் சொந்தக்காரர் கையில்தான் கொடுக்கிறார்கள், லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று. அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியதும் பாருங்கள். உள்ளே ஃபார்மலின் இருக்க வேண்டும், சுருக்கென்ற வாடை வரும். சலைனோ தண்ணீரோ இருந்தால் சதை அழுகிப் பரிசோதனையே வீணாகும். சதை முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். லேபிளில் நோயாளியின் பெயர், வயது, உடம்பின் எந்த இடம், வலமா இடமா, தேதி எல்லாம் இருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் பாட்டில் மேலும் எழுதச் சொல்லுங்கள், மூடி மாறிப்போகும். அன்றே லேபில் சேர்த்து ரசீது வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

9. ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது

பெரும்பாலும் ஒரு வாரத்தில் வரும். மெலனோமா சந்தேகத்தில் கூடுதல் சாயப் பரிசோதனை கேட்டால் இன்னும் சில நாள் ஆகும். வகை என்ன, வெட்டிய ஓரங்களில் புற்று இருக்கிறதா இல்லையா, இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெலனோமா என்றால் மூன்றாவதாக ஓர் எண் உண்டு: பிரெஸ்லோ தடிமன், அதாவது புற்று தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது, மில்லிமீட்டர் கணக்கில். 1 மில்லிமீட்டருக்குள் இருந்து, வேறெங்கும் பரவாமல் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். 4ஐத் தாண்டினால் நிலைமை வேறு. சீக்கிரம் காட்டுங்கள் என்று இத்தனை முறை சொல்வது இந்த எண்ணுக்காகத்தான்.

இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க விரும்பினால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடும், மீதிச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பெரிய மருத்துவமனைகள் தாங்களே மறுபடி பார்த்துவிட்டுத்தான் சிகிச்சை தொடங்கும்.

10. சிகிச்சை

மூன்று வகைக்கும் முதல் சிகிச்சை அறுவைதான். சிறிய பேசல் செல் கட்டியைச் சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோலோடு எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். கண், மூக்கு ஓரங்களில் அவ்வளவு தோல் எடுக்க இடமிருக்காது. அங்கே அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் உடனே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்று இல்லாத இடம் வந்ததும் நிறுத்தும் மோஸ் முறை சிறந்தது. எல்லா இடத்திலும் கிடைக்காது, விசாரித்துப் பாருங்கள். ஸ்குவாமஸ் செல் என்றால் ஓரம் சற்று அதிகமாக எடுப்பார்கள், நெறி கட்டியிருந்தால் அதையும் பரிசோதிப்பார்கள். அறுவை முடியாதவர்களுக்கும் ஓரத்தில் மிச்சமிருப்பவர்களுக்கும் கதிர்வீச்சு, நம் ஆட்கள் சொல்வதுபோல் "கரண்ட் வைப்பது". அது வலிக்காது. சில வாரம் தினமும் போய்வர வேண்டும் என்பதுதான் சிரமம்.

மெலனோமாவில் தடிமன் 1 மில்லிமீட்டர் வரை என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர் எடுக்கிறார்கள். நகத்தடியில் ஆழமாக இருந்தால் விரலின் ஒரு பகுதியை எடுக்க நேரலாம். கேட்கும்போது மனம் உடைந்துபோகும். ஆனால் ஒரு விரலை இழப்பதற்குத் தயங்கி, ஆறு மாதம் நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த விரலோடு முடிவதில்லை. தடிமன் 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் தொடை இடுக்கிலோ (கையில் வந்திருந்தால் அக்குளிலோ) முதல் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கும் சோதனை பற்றிக் கேளுங்கள்.

பரவிய மெலனோமாவுக்கு 2011க்கு முன் பெரிதாக மருந்து இல்லை. இன்று நம் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. இந்த வழியைத் திறந்த ஆராய்ச்சிக்காக ஆலிசன், ஹோஞ்சோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருந்தால் மாத்திரைகளும் உண்டு. உள்ளங்கால் மெலனோமாவில் அந்த மாற்றம் குறைவாகவே காணப்படுகிறது, எதிர்ப்புச் சக்தி ஊசியின் பலனும் சற்றுக் குறைவு. செலவு லட்சக்கணக்கில் போகும். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: "இந்த ஊசி எங்க அம்மாவுக்கு எந்த அளவு பலன் தரும் டாக்டர்? காப்பீட்டிலோ மருந்து கம்பெனி உதவித் திட்டத்திலோ கிடைக்குமா?" எந்த நல்ல டாக்டரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். நோய் முற்றிய நிலையில் வலி நிவாரணமும் சிகிச்சைதான், அதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

11. அதன் பிறகு

குதிகாலில் எடுத்துவிட்டுத் தொடைத் தோலை ஒட்டியிருந்தால் அந்த இடம் பழைய பாதம்போல் தாங்காது. எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) வாங்கிக்கொள்ளுங்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே நடங்கள். கோயிலிலும் கிரிவலத்திலும் வெறுங்காலோடு நடப்பதை டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவையுங்கள், மனத்தாங்கலாக இருந்தாலும். தொடை இடுக்கு நெறிகளை எடுத்திருந்தால் கால் வீங்கும். மீள்துணி காலுறையும், படுக்கும்போது காலுக்கடியில் தலையணையும் உதவும்.

மெலனோமா என்றால் முதல் இரண்டு மூன்று வருடம், மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். இடையில் தழும்பின் மேல் புது முண்டு, தழும்பிலிருந்து மேல்நோக்கி வரிசையாகக் கருப்புப் புள்ளிகள், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி இவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிவரை காத்திருக்காமல் போய்விடுங்கள். ஒருவருக்கு வந்திருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தங்கள் தோலை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடட்டும்.

பயாப்ஸி ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். பிளாக் எந்த லேபில் இருக்கிறது, அதன் எண் என்ன என்பதை அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.